எல்லோருக்கும் சரி, யாருக்கும் வேண்டாம்

அலுவலகத்தைக் காலை ஏழு மணிக்கே திறக்கலாம் என்று முதலில் சொன்னது யார்? எத்தனை முறை யோசித்தும் எனக்கு விடை கிடைத்ததில்லை.

முட்டுக்காட்டைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது எங்கள் சிறிய அலுவலகம். கட்டட வரைபடங்களைக் கணினியில் வரைந்து தருவோம். ஒருநாள் கூட்டத்தில், ஏழு மணிக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடிக்கலாம் என்ற பேச்சு வந்தது. "எல்லாருக்கும் சரிதானே?" என்றார் மேலாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் விரும்புவதை நான் ஏன் கெடுக்க வேண்டும் என்று நானும் "சரிங்க சார்" என்றேன்.

செங்கல்பட்டில் என் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்கா, தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகுதான் குழந்தையை வாங்கிக்கொள்வார். என் கணவரோ விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஏழு மணி என்றால் நான் வேலையை விட வேண்டியதுதான். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் சதுரங்கப்பட்டினத்துக்காரர், எதையும் மனதுக்குள் வைத்துக்கொள்ள மாட்டார்.

"இன்னாக்கா சொல்ற? ஒனக்கோசரந்தானே நாங்கல்லாம் தலையாட்னோம்! சாயங்காலமானா கொழந்த, கொழந்தன்னு கடியாரத்தயே பாத்துகினு கீறியே! ஏழு மணின்னா எனக்கே பேஜாருக்கா."

கை கழுவிய ஈரத்தோடு மேலாளரிடம் போய்ச் சொல்லியும் விட்டார். மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "நீங்கல்லாம் ஆசப்படுறீங்கன்னு நெனச்சேன்மா. எனக்கு மட்டும் விடியக்காலம் எந்திரிக்க ஆசையா?"

மறுபடி கூடினோம். இந்த முறை அவர் "சரிதானே" என்று கேட்கவில்லை. "இதனால உங்க வீட்ல என்ன மாறும்?" என்று, கடைசியாக வேலையில் சேர்ந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரையும் கேட்டார். ஆளுக்கொரு சிக்கல் வெளியே வந்தது. பழைய ஒன்பது மணியே நிலைத்தது. அன்று மாலை திருப்போரூரில் பேருந்து மாறி ஏறியதும் நிம்மதியாகத் தூங்கிப்போனேன். செங்கல்பட்டில் நடத்துனர் எழுப்ப வேண்டியிருந்தது.

இப்போது கூட்டங்களில் கேள்வி கேட்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அண்மையில் ஓர் இளம்பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். முதலில் கேட்டால் அவளுக்கு வியர்த்துவிடுகிறது. கடைசியில் கேட்டால், "நீங்க சொல்றதுதான்க்கா" என்கிறாள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாமா? அதுவும் மிரட்டலாகத் தோன்றுமோ? அவள் மனதில் இருப்பதை அவளாகச் சொல்ல நான் என்ன செய்ய வேண்டும்? வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.