நான் வாங்கிய வெற்றிலை

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டிய விஷயம் இது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேசுவதற்கு இன்றைக்கும் எனக்கு நாக்கு எழும்பாது. அப்படிப்பட்டவள் பேனாவைப் பிடித்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அன்று அங்கே இருந்த பெண்களில் பாதிப்பேர் இன்று இல்லை. இருப்பவர்கள் இதைப் பேசுவதில்லை. தப்பு செய்தவள் நான் என்பதால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

தோவாளைக்கு நான் மருமகளாக வந்தபோது எனக்குப் பதினேழு வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுக்குச் சற்று முன்னோ பின்னோ இருக்கும். புருஷன் வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலை ஒட்டி ஓர் ஓலைக் கொட்டகை இருந்தது. அதைப் பூப்புரை என்பார்கள். தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதில் உட்கார்ந்து பூக் கட்டுவோம். அங்கே கட்டுகிற மாலைதான் சுசீந்திரம் கோயிலுக்குப் போகும். எல்லாருக்கும் மூத்தவள் ஒருத்தி இருந்தாள், புருஷனை இழந்தவள். அவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவோம்.

புரையில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் இருக்க முடியாமல் ஓடிவருகிற பெண்பிள்ளை, வாய்க்காலில் முங்கிவிட்டு ஈரத்துணியோடு உள்ளே வந்து உட்கார்ந்து ஒரு வாழைநாரைக் கையில் எடுத்துவிட்டால் போதும். யாரும் ஊர் கேட்கமாட்டார்கள், காரணம் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவள் தன் கூடையிலிருந்து கொஞ்சம் பூவை அவள் பக்கம் தள்ளி வைப்பாள். அவ்வளவுதான். சாமிக்குப் பூக் கட்டுகிறவளை யாரும் எழுப்பக் கூடாது. ஆண்கள் வாசல் படலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. நான் வந்த வருஷமே, மாமியார் கரண்டியால் சுட்ட புண்ணோடு ஒருத்தி வந்து ஒரு மாதம் இருந்தாள்.

அழைத்துப் போக வருகிறவர்கள் குளித்துவிட்டு, வெற்றிலை பாக்கோடு படலுக்கு வெளியே நிற்க வேண்டும். பெரியக்கா அந்தப் பிள்ளையிடம், "போறியா மக்கா?" என்று கேட்பாள். பிள்ளை தலையாட்டினால் மட்டும் வெளியே போய் வெற்றிலையை வாங்குவாள். புரையிலிருந்து ஒரு கை வெற்றிலையை வாங்கிவிட்டால் பிள்ளையை ஒப்படைத்தாயிற்று என்று அர்த்தம். அதற்குமேல் பேச்சு கிடையாது. இது சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரிந்த விஷயம்.

நான் சொல்ல வந்த பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தாள். பதினாலு வயது இருக்கும். ஈரத்துணியின் குளிரில் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நாள் கழித்துத்தான் தானாகவே சொன்னாள். தாய் தகப்பன் இல்லை. தாயோடு பிறந்த அம்மான் வீட்டில் வளர்கிறாள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே ஓர் ஊரில், மூன்றாம் தாரமாக ஒரு கிழவருக்கு அவளை நிச்சயம் செய்திருக்கிறார்கள். பீருமேட்டில் தேயிலைத் தோட்டத்தில் அண்ணன் இருக்கிறான். அவன் வந்து கூடாது என்றால் நடக்காது. ஆனால் அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அம்மான் சொன்னால் சொன்னதுதான். தட்டிக் கேட்க முடிந்தவன் அண்ணன் ஒருவனே.

புரையில் எழுதத் தெரிந்தவள் நான் மட்டும். "ஏட்டி, வாய்தான் இல்ல, கையாவது இருக்கே. எழுது" என்றாள் பெரியக்கா. அவனுக்கு நான் கடிதம் எழுதினேன். பேசும்போது வராத சொற்கள் எல்லாம் எழுதும்போது வந்தன. தங்கச்சி எங்கள் புரையில் பத்திரமாக இருக்கிறாள் என்று எழுதினேன். அழைத்துப்போக வரும்போது குளித்துவிட்டு வர வேண்டும், வெற்றிலை கொண்டுவர வேண்டும் என்று வழக்கத்தையும் எழுதினேன். அஞ்சலில் போட்டோம்.

மூன்றாம் நாளே அம்மான் வந்துவிட்டார். படலுக்கு வெளியே நின்று சத்தம் போட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்கியளா?"

"ஒளிச்சா வச்சிருக்கோம்? வெட்டவெளிச்சத்துல பூக் கட்டிட்டு இருக்கா. உமக்குக் கண்ணு தெரியலியா அண்ணாச்சி?" என்றாள் பெரியக்கா.

"அவள வெளிய வரச் சொல்லு."

"சாமி மால பாதில நிக்கி. வேணும்னா நீரு வந்து மிச்சத்தக் கட்டும். மொதல்ல குளிச்சிட்டு வாரும், நாத்தம் இங்க வர அடிக்கி."

பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

அவளுக்குப் பூக் கட்ட வரவில்லை. முடிச்சு தளர்ந்து பூ கொட்டும். அவள் கட்டியதைப் பெரியக்கா பிற்பாடு பிரித்துத் திருப்பிக் கட்டுவாள். "எனக்க மால கோயிலுக்குப் போவுதா அக்கா?" என்று தினமும் கேட்பாள். "பின்னே? ஒனக்க மாலதான் சாமி கழுத்துல கெடக்கு" என்பாள் பெரியக்கா.

அடுத்த வாரம் திங்கட்கிழமை அண்ணனிடமிருந்து பதில் வந்தது. வெள்ளிக்கிழமை வந்து சேருவேன், அதுவரை யார் கேட்டாலும் விட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருந்தான். நான்தான் படித்துக் காட்டினேன். அவள் ஒரு நாரை எடுத்து நாலு முடிச்சுப் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். விடிந்ததும் ஒரு முடிச்சை அவிழ்ப்பாள்.

வியாழக்கிழமை ஒரு முடிச்சுதான் மிச்சம். சுசீந்திரத்தில் தேர். அதனால் பெரியக்கா மாலைக் கூடைகளோடு காலையிலேயே வண்டியில் போய்விட்டாள். மத்தியானம் படலுக்கு வெளியே யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அம்மான். இந்தத் தடவை குளித்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டி கட்டி, அமைதியாக நின்றார்.

"ஏட்டி, நீ எளையவதான, போய் அக்கா இல்ல, நாளைக்கி வாரும்னு சொல்லிட்டு வா" என்றார்கள்.

"இவளா? இவ போய்ச் சொல்லதுக்குள்ள நாளைக்கி ஆயிரும்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடுதான் நான் எழுந்து போனேன்.

படலருகே நின்றேன். அக்கா இல்லை, நாளைக்கு வாருங்கள். நாலே சொல். தொண்டைவரை வந்தது. அவர் என்னைப் பார்த்து, "சொகமா இருக்கியா மக்களே?" என்றார். என் அப்பா கேட்பதுபோல இருந்தது. நான் தரையைப் பார்த்தேன். அவர் மடியிலிருந்து ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார்.

பெரியவர்கள் நீட்டினால் நிற்கவைக்காமல் வாங்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். புத்தி வேண்டாம் என்றது. அதற்குள் என் இரண்டு கைகளும் நீண்டுவிட்டன. வெற்றிலை உள்ளங்கையில் குளிர்ந்து கிடந்தது.

"வாங்கியாச்சு" என்று அவர் உள்ளே கேட்கும்படி சொன்னார். "எல்லாரும் பாத்துக்கிடுங்கோ. வாங்கியாச்சு."

ஒருத்தி எழுந்து ஓடிவந்தாள். "எளவே, என்னட்டி செய்த? திருப்பிக் குடுட்டி!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். இன்னொருத்தி உள்ளேயிருந்தே சொன்னாள்: "வாங்கினத எப்பிடித் திருப்புவா? பெறவு இந்தப் பொரைக்க வாக்க யாரு நம்புவா?"

அதுதான் எங்களைக் கட்டிப்போட்டது. இத்தனை நாள் அவரை வெளியே நிறுத்திய வழக்கமும் இதுதான். அவர் வரைக்கும் செல்லும், எங்கள் வரைக்கும் செல்லாது என்று சொல்ல எங்களில் ஒருத்திக்கும் துணிச்சல் வரவில்லை. பெரியக்கா இருந்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

அந்தப் பிள்ளை அழவில்லை. கையிலிருந்த மாலையைக் கட்டிக்கொண்டே இருந்தாள். இருந்த பூவெல்லாம் தீர்ந்தது. பக்கத்தில் இருந்தவள் இன்னும் ஒரு கைப்பிடிப் பூவை அவள் பக்கம் தள்ளினாள். அதுவும் தீர்ந்தது. வேறொருத்தி தள்ளினாள். இப்படியே பொழுது சாயும்வரை நடந்தது. அம்மான் அசையாமல் நின்றார். பிறகு பூவே இல்லை. அவள் கடைசி முடிச்சைப் போட்டு, மாலையை இலையில் வைத்துவிட்டு எழுந்தாள். என்னைத் தாண்டித்தான் போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், வைதிருக்கலாம். மணிக்கட்டில் அந்த ஒற்றை முடிச்சு அப்படியே இருந்தது.

விளக்கு வைத்த பிறகு பெரியக்கா வந்தாள். நடந்ததைச் சொன்னார்கள். என்னிடம், "நீயா வாங்கின?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். அவள் அந்தப் பிள்ளை கட்டி வைத்திருந்த மாலையை எடுத்தாள். பிரித்துத் திருப்பிக் கட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அப்படியே கூடையில் வைத்து மூடினாள்.

அதன் பிறகு ஓடிவந்து எங்கள் புரையில் நார் எடுத்த பெண் ஒருத்தியும் இல்லை. வீடுகளில் அடியும் சூடும் குறைந்துவிட்டன என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வேறு எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று தெரியாது. கணவாய்க்குக் கிழக்கே போனவளைப் பற்றியும் பிறகு ஒன்றும் கேள்விப்படவில்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை, மத்தியானம் அவள் அண்ணன் வந்தான். வாய்க்காலில் குளித்திருந்தான், தலை ஈரமாக இருந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு படலுக்கு வெளியே நின்றான். பெரியக்கா வெளியே போய் அவனிடம் சொன்னாள். முகூர்த்தம் அன்று விடியற்காலையிலேயே முடிந்திருந்தது.