நாற்பதின் மேல் குங்குமம்

எண்பதுகளின் தொடக்கத்தில் தலவாக்கலை கராஜ் ஒன்றில் நான் மெக்கானிக். சும்மா மெக்கானிக் இல்லை, கொழும்பில் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கிய மெக்கானிக். இதை நான் யாரிடமாவது சொல்லாத நாள் கிடையாது. போல்ட்டை எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று காட்டும் டோர்க் ஸ்பேனர் அங்கே ஒன்றே ஒன்று இருந்தது. நீளக் கைப்பிடி, எண் போட்ட தகடு, முறுக்க முறுக்க எண்களின் மேல் நகரும் முள். மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள், மணிக்கட்டே சொல்லிவிடும் என்பார்கள். மணிக்கட்டுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கேலி செய்வேன்.

பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளாக்கருக்கு ஒரு மகள் இருந்தாள். எங்களைப் போலவே வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். சம்பந்தம் பேச எங்கள் வீட்டு ஆள் போய் வந்தாயிற்று, பையனை நேரில் பார்க்க வேண்டும் என்றாராம் கிளாக்கர். பார்க்க வந்தவர் தம் பழைய காரையும் ஓட்டிக்கொண்டே வந்தார். எஞ்சினின் ஹெட்டைக் கழற்றி, அதனடியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டை மாற்ற வேண்டுமாம். ஒரே பயணத்தில் மாப்பிள்ளையையும் மெக்கானிக்கையும் பார்த்துவிடும் சாமர்த்தியசாலி. எனக்கோ அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள அவ்வளவு ஆசை.

அன்று ஆயுதபூசைக்கு மறுநாள். முதலாளி எல்லாக் கருவிகளுக்கும் பொட்டு வைத்திருந்தார். டோர்க் ஸ்பேனருக்கு மட்டும் தனி மரியாதை. எண் தகட்டின் மேல் சந்தனத்தை அப்பி, நடுவே தாராளமாகக் குங்குமம். இடது ஓரத்தில் பத்து தெரிந்தது, வலது ஓரத்தில் எண்பது தெரிந்தது, நடுவில் பக்திதான் தெரிந்தது. எனக்கு வேண்டிய நாற்பது அதற்குள் எங்கோ இருந்தது.

முதலாளி பத்தடி தள்ளி பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். துடைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டே நாற்பது வைப்பேன் என்று முந்தின வாரம்தான் எல்லார் முன்னாலும் பீற்றியிருந்தேன். வருங்கால மாமனார் வேறு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட் முறிந்து மானம் போய்விடக் கூடாதே என்று, முள் குங்குமத்தின் முன் ஓரத்தைத் தொட்டதும் நிறுத்தினேன். ஒவ்வொரு போல்ட்டையும் அப்படியே. பார்க்க மிக அழகாக இருந்திருக்க வேண்டும், அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிளாக்கர் மனைவியையும் மகளையும் ஏற்றிக்கொண்டு தலவாக்கலை மாதா கோயிலுக்குப் பூசை காண வந்தபோது, பாதி ஏற்றத்தில் இறுக்கம் போதாமல் கேஸ்கட் போய், தண்ணீர் கொதித்துக் கார் நின்றுவிட்டது. தேயிலைக் கொழுந்து மலிந்த காலம், ஞாயிறென்றும் பாராமல் தோட்டத்தில் வேலை. கொழுந்து லொறிதான் கயிறு கட்டி கராஜ் வரை இழுத்து வந்தது. மற்ற நாட்களில் அவர் அதட்டும் கொழுந்து பறிக்கிற பெண்கள் லொறியின் மேல் உட்கார்ந்து வழியெல்லாம் காரைப் பார்த்துக்கொண்டு வந்தார்களாம்.

மறுநாள் அவர் வந்தார். முதலாளி ஸ்பேனரைக் கையில் எடுத்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"குங்குமம் நம்பரை மறைச்சிருச்சுங்க. சாமிக்கு வச்சத நாங்க எப்புடிங்க துடைக்கிறது?"

அடுத்த மதத்தின் மேல் எனக்கிருந்த மரியாதையைக் கண்டு எனக்கே மெய்சிலிர்த்தது. முதலாளி சட்டைப் பையிலிருந்த லேஞ்சியை எடுத்து ஒரே இழுப்பாகத் தகட்டைத் துடைத்தார். நாற்பது பளிச்சென்று தெரிந்தது. பொட்டு வைத்தவன் இங்கேதானே இருந்தேன், கேட்டிருந்தால் நானே துடைத்திருப்பேனே என்றார்.

கிளாக்கர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"கேஸ்கட் போறது எல்லா வண்டிக்கும் உள்ளதுதான் தம்பி. ஆனா தப்ப சாமி தலையில போட்டீங்களே. நாளைக்கு எம் மக தலையிலயும் போடுவீங்க."

அவர் சொன்னது உண்மை. புதுக் கேஸ்கட் போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் சரியாக நாற்பதில் நிறுத்தினேன். அன்று அவர் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. வேலை முடியும்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.