நகலில் இல்லாத தெரு

வரைபட அலுவலகத்தில் அவளுக்கு வைத்த கேலிப்பெயர் ஒத்தக்கோடு. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களின் நடுவே ஓடும் எல்லையை இரண்டு தடவை வரையக் கூடாது, ஒரே கோடாகச் சேமித்து இரண்டு தெருவும் அதையே சுட்ட வேண்டும் என்று சேர்ந்த நாளிலிருந்து ஒற்றைக்காலில் நின்றவள். சாலை, வீடு, தண்ணீர் என்ற மூன்று பிரிவின் மென்பொருளும் ஒரே பொதுத்தரவைப் படிக்கும்படி வடிவமைக்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது. ஓர் இடத்தில் திருத்தினால் மூன்றிலும் திருந்தும்.

அவள் விடுப்பில் இருந்த ஒரு வாரத்தில், தண்ணீர்ப் பிரிவின் தலைவர் மேலாளரிடம் அனுமதி வாங்கித் தனக்கென்று ஒரு நகல் எடுத்துக்கொண்டார். அவளிடம் யாரும் மூச்சு விடவில்லை.

பிறகு ஆற்றோரம் புதுத் தெரு ஒன்று வந்தது. பொதுத்தரவில் ஏறியது, நகலில் ஏறவில்லை. வெள்ளம் வந்த அன்று தண்ணீர்ப் பிரிவிலிருந்து எச்சரிக்கை போனது அந்த நகலைப் பார்த்து. சுற்றியிருந்த தெருக்கள் காலியாகிவிட, அந்த நாற்பது வீடுகளுக்கு மட்டும் ஒரு செய்தியும் போகவில்லை.

நான்கு நாள் கழித்து, அலுவலகம் பெருக்கும் பெண் காலில் கட்டோடு வந்தாள்.

"உங்க படத்துல எங்க தெருவே இல்லைன்னு பேசிக்கிறாங்க. நிஜமாம்மா? மாமியாரை முதுகுல சுமந்துக்கிட்டு ஏணி ஏறினேன்."

ஒத்தக்கோடு பொதுத்தரவைத் திறந்து பார்த்தாள். "இருக்கே, உங்க தெரு இருக்கே" என்றாள். நாற்பது வீடும் இருந்தன. பதிவேட்டைப் புரட்டியதும் தண்ணீர்ப் பிரிவு நகல் எடுத்த தேதியும் மேலாளர் தந்த அனுமதியும் கண்ணில் பட்டன. நேராக மேலாளர் அறைக்குப் போனாள். நகல் எடுத்த தண்ணீர்க்காரரும் அங்கேதான் இருந்தார்.

"வெள்ள அறிக்கையில தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதியாச்சு, கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார் மேலாளர்.

"கோளாறு இல்ல சார். இவர் நகல் எடுத்தார். நீங்க விட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டேனே" என்றார் தண்ணீர்க்காரர். "ரொம்ப மெதுவா ஓடுதுன்னு மூணு தடவை எழுதினேன். என்ன பதில் போட்டீங்க? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு."

அவள் அப்படி எழுதியது உண்மை. எழுதிவிட்டுச் சிரித்ததும் நினைவிருந்தது. கோபம் தணியவில்லை, அதில் பாதி அவள் பக்கமே திரும்பியது.

இருக்கைக்கு வந்து வேறொரு அறிக்கை எழுதினாள். நகல் எடுத்தவர், அனுமதித்தவர், புகாரைக் குப்பையில் போட்டவள் என்று மூவரையும் சேர்த்து, தானே கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினாள். மேலாளர் அதோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளுக்கு வரவிருந்த பதவி உயர்வு அடுத்தவருக்குப் போனது.

மூன்று வாரம் தண்ணீர்க்காரரின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வேலைப் பேச்சைத் தவிர இருவருக்கும் பேச்சில்லை. முழு நகரத்தையும் அள்ளாமல், கேட்ட பகுதியை மட்டும் சட்டென்று எடுத்துத் தரும் தேடல் பட்டியல் ஒன்றைப் பொதுத்தரவில் சேர்த்தாள். ஒரு மணி நேரக் கணக்கு ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே செய்திருக்கலாம். தண்ணீர்க்காரர் தன் கையாலேயே நகலை அழித்தார்.

பெருக்க வந்தவளிடம் போய்ச் சொன்னாள். "இப்ப உங்க தெரு எல்லாப் படத்துலயும் இருக்கு."

"அப்பவும் இருந்துச்சுன்னுதானே சொன்னீங்க" என்றாள் அவள். நாற்காலியை நகர்த்திவிட்டுக் குனிந்து பெருக்க ஆரம்பித்தாள்.