புல்லட் முட்டைக்கு ஓர் அடிக்குறிப்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடம். சேலத்தில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் முதல் மாடி. வராந்தா பெஞ்சில் நான். உள்ளே என் மனைவி பூங்கொடி, சப்ளை செயின் எம்.பி.ஏ. படிப்பின் கடைசிக் கட்டமான வைவா என்ற வாய்மொழித் தேர்வில். கதவு பாதிதான் திறந்திருந்தது. எனக்கு அதுவே போதும்.

"பூங்கொடி, உங்க ரிப்போர்ட்ல நாப்பத்தோரு இடத்துல துப்பாக்கிக் குண்டு வருது. முட்டை லாரியில என்னம்மா கடத்துறீங்க?" என்று கேட்டார் தேர்வாளர் அம்மையார்.

பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். ஏனென்றால்... அந்த ரிப்போர்ட்டை டைப் செய்தவன் நான்.

பூங்கொடி நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனியில் பதினேழு வருடமாக டிஸ்பாட்ச் கிளார்க். எந்த லாரி எப்போது கிளம்ப வேண்டும், எந்த ஊருக்கு எத்தனை பெட்டி, மழை பிடித்துக்கொண்டால் எந்தப் பாதை — எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பிளானிங் மேனேஜர் நாற்காலி காலியாகும்போதெல்லாம் வெளியூரிலிருந்து டிகிரியோடு யாராவது வந்து உட்காருவார்கள். வந்தவருக்கு வேலை சொல்லிக் கொடுப்பது யார்? பூங்கொடிதான். மூன்று பேருக்குச் சொல்லிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு, நாற்பத்து நான்காவது வயதில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டு வருடம். ஞாயிறு தோறும் எங்கள் சேந்தமங்கலத்திலிருந்து சேலத்துக்கு முதல் பஸ். உறவுக்காரர் கல்யாணங்களுக்கு நான் மட்டும் போய் மொய் எழுதிவிட்டு, "அவளுக்குக் கிளாஸ் இருக்குதுங்க" என்பேன். "இந்த வயசுலயா?" என்பார்கள். ஆமாம், இந்த வயதில்தான்!

இப்போது அந்த நாற்காலி மறுபடியும் காலி. முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசிக்குள்ள பாஸ் லெட்டர் கொண்டாங்க அம்மிணி, சீட்டு உங்களுக்கு. இல்லீன்னா வெளிய ஆள் பார்த்தாகோணும்." மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

லாரியில் முட்டை உடைவதைக் குறைப்பது எப்படி என்பதுதான் அவள் செய்த புராஜெக்ட். ரிப்போர்ட் ஆங்கிலத்தில் வேண்டும். அவளுக்கு நேரமில்லை, பஸ்ஸில் போகும்போது போனில் தமிழில் பேசி அனுப்புவாள். நான் அதை ஆங்கிலத்தில் அடிப்பேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் லேபிள் ஒட்டுகிறவன் நான் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபது வருடமாகப் பிழையில்லாமல் கடிதம் எழுதுகிறவன். பிறகென்ன பயம்?

அவள் போனில் "புல்லட் முட்டை, புல்லட் முட்டை" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நானும் 'புல்லட்' என்றே அடித்தேன். கம்ப்யூட்டர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. போடாது... அதுவும் சரியான ஆங்கிலச் சொல்தானே!

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் நேர்த்தி என்னை விடவில்லை. புதிய சொல் வந்தால் அடிக்குறிப்பு வேண்டாமா? வைத்தேன்: 'துப்பாக்கிக் குண்டைப் போல உறுதியான ஓடு கொண்டதால் இப்பெயர் பெற்றது.'

உள்ளே பக்கம் புரட்டும் சத்தம். பிறகு பூங்கொடியின் குரல்.

"மேடம், இது பஸ்ஸுக்கு வர்ற பி இல்லீங்க. பென்சிலுக்கு வர்ற பி. இளங்கோழிக்கு இங்கிலீஷ்ல அதுதானுங்க பேரு. அது போடற சின்ன முட்டையத்தான் லோடு ஏத்தற யார்டுல புல்லட்டுன்னு சொல்லுவோமுங்க. தமிழ்ல ரெண்டு பி-க்கும் ஒரே எழுத்துத்தானுங்களே..."

"அப்போ இந்த அடிக்குறிப்பு?"

அதை அவள் அப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறாள். 'டைப் செய்தவர் தப்பு' என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன்.

"படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போட்டது என் தப்புங்க. ஆனா மேடம், பேருக்குச் சொன்ன காரணந்தான் பொய்யி. ஓடு கெட்டிங்கறது நெசமுங்க. கோழிக்கு வயசாக ஆக முட்டை பெருசாகும், ஓடு மெலிசாகும். பெருச அடியில வெச்சா மேல்பாரம் தாங்காதுங்க. புல்லட்ட அடியில அடுக்கிப் பெருச மேல ஏத்துனோம். உடைசல் கொறைஞ்சுது. அதுதானுங்க என்ற புராஜெக்ட்டே."

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இருக்குதோ என்னமோ தெரியாதுங்க. திரும்பி வர்ற ஒடைஞ்ச முட்டை அட்டையெல்லாம் நாந்தானுங்க பிரிச்சுப் பார்க்கறேன்."

அதன் பிறகு கேள்விகள் மாறின. எந்த அட்டை, எந்தப் பாதை, மலைப்பாதை வளைவில் எந்தப் பக்கம் அதிகம் உடைகிறது... அரைமணி நேரம். அம்மையார் குரலில் கிண்டல் போய் ஆர்வம் வந்திருந்தது. முடிவு: பிழைகளைத் திருத்தி, ஒவ்வொரு பக்கத்திலும் அவளே கையெழுத்திட்டு, புதன்கிழமைக்குள் கொடுத்தால் தேர்ச்சி.

திரும்பும் பஸ்ஸில் ராசிபுரம் வரை அவள் அந்த ரிப்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தாள். பிறகு கேட்டாள்.

"ஏனுங்க, அந்த அடிக்குறிப்ப எங்கிருந்துங்க புடிச்சீங்க?"

"யோசிச்சு எழுதினேன்."

"கிளாஸுக்குப் போனது நானு. யோசிச்சது நீங்களாக்கும்? ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமுல்ல?"

கேட்டிருக்கலாம். அதே வீட்டில், அதே மேஜைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். வாரம் தவறாமல் அந்தச் சின்ன முட்டைகளை அவள்தான் கொண்டு வருகிறாள். நான்தான் ஆம்லெட் போடுகிறேன். பதினேழு வருடத்தில் ஒருநாள்கூட அதற்கு என்ன பெயர் என்று நான் கேட்டதில்லை. எங்களைப் போன்ற ஒழுங்குக்காரர்களின் வியாதி இதுதான். தெரியாததைக் கேட்க மாட்டோம்... அழகாக எழுதிவிடுவோம்.

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு யார்டுக்கே போனேன். சந்தேகம் வந்த ஒவ்வொரு சொல்லையும் அவளிடம் கேட்டு, நோட்டில் எழுதி, திருத்தினேன். லோடிங் மேஸ்திரி தூரத்திலிருந்தே கத்தினார்: "அம்மிணி, உங்க ஊட்டுக்காரருங்களா? வாங்க சாமி, வாங்க! குண்டு முட்டைக்குத் துப்பாக்கி கொண்டாந்தீங்களா?"

விஷயம் யார்டு முழுக்கப் போயிருக்கிறது. போகட்டும்!

புதன்கிழமை ரிப்போர்ட்டைக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை தேர்ச்சிக் கடிதம் வந்தது. ஒன்றாம் தேதி முதல் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவள், முந்தைய மூவருக்கும் வேலை சொல்லிக் கொடுத்த பூங்கொடி.

இந்த வாரம் அவள் யார்டு கதை பேச ஆரம்பித்தால், "அப்படின்னா என்ன?" என்று கேட்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பதில் முடிவதற்குள் அடுப்பில் சாதம் குழைந்துவிடுகிறது. பரவாயில்லை... ரசம் ஊற்றிச் சாப்பிடலாம்!