குழாயடியில் கிண்ணப்பூ

என் மாமாவுக்குத் தன் நிழல்மேல்கூட நம்பிக்கை கிடையாது. கைக்கடிகாரத்தில் மணி பார்த்தால், சுவர்க் கடிகாரத்திடம் போய்ச் சாட்சி கேட்பார். ஒரே ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. ‘இவ்வளவு நல்ல பெண் என்னைப் போய்க் கட்டிக்கொள்ள ஏன் சம்மதிக்கிறாள்?’ என்று ஊரெல்லாம் விசாரித்தே அதையும் கெடுத்துக்கொண்டார்.

இந்தக் குணத்துக்கென்றே ஒரு வேலை அமைந்தது. அழிந்துவரும் செடிகளைக் காக்கும் அலுவலகத்தில் அவர் பூ பார்ப்பவர். மழை முடிந்ததும் முளைத்து, கொஞ்ச நாள் பூத்து, காய்ந்துபோகும் சின்ன மஞ்சள் பூக்கள்; சாமந்திக்குத் தூரத்துச் சொந்தம். அதில் இரண்டு வகை. ஒன்று எந்தக் காலிமனையிலும் வரும். இன்னொன்று, ஊருக்கு வெளியே தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளத்தில் மட்டும்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. மாமா பூவைத் தலைகீழாகத் திருப்புவார். இதழுக்கு அடியில் பச்சைச் செதில்கள் தனித்தனியாக நின்றால் அது சாதா. ஒன்றோடொன்று ஒட்டிக் கிண்ணமாக இருந்தால் அரிய வகை. அதனாலேயே அதற்குக் கிண்ணப்பூ என்று பெயர்.

“முகத்தப் பாத்து எதையும் நம்பக் கூடாது. திருப்பிப் பாக்கணும்” என்பார். மனிதர்களையும் சேர்த்துத்தான் சொன்னார்.

பள்ளத்தை விட்டு வெளியே வருகிறவர்கள், வாசலில் தொங்கும் பிரஷ்ஷால் பூட்ஸைத் தேய்த்துவிட்டுத்தான் வர வேண்டும். விதை வேறெங்கும் போய்விடக் கூடாது. மாமா அங்கே நின்று ஒவ்வொருவர் காலையும் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். அவரைக் கண்டாலே சக ஊழியர்களுக்கு எரியும்.

என் அம்மா, அவருடைய தங்கை, தையல்காரி. எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு படுக்கையறை. அதில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தையல் மிஷின். தலையணையில் குண்டூசி குத்தி எழுந்த நாட்கள் எனக்கு ஏராளம். கொல்லைப்புறத்தில் ஒரு தையலறை கட்டுவது அம்மாவின் பல வருடக் கனவு. கடைசியில் ஒருவழியாக மேஸ்திரி வந்து கயிறு கட்டி அளந்துவிட்டுப் போனார்.

அந்தச் சனிக்கிழமை மாமா வழக்கம்போல் பள்ளத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கொல்லைக் குழாயடியில் மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. நாங்கள் சாதா என்று நினைத்து விட்டிருந்தோம். மாமா ஒன்றைப் பறித்துத் திருப்பினார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“கிண்ணப்பூ. தானா முளைச்ச எடத்துல மண்வெட்டி படக் கூடாதுன்னு சட்டம்.”

“புடுங்கிப் போட்டுட்டா?” என்றாள் அம்மா.

“நான் பாத்துட்டேன்டி. இனிமே பாக்காதவன் மாதிரி இருக்க முடியாது. யாரோ கொண்டுவந்து போட்டதுன்னு தெரிஞ்சா, ஆபீஸே பேத்து எடுத்துட்டுப் போயிடும், நீ கட்டலாம். இல்லன்னா கயித்தச் சுருட்டி வை.”

அம்மா மிஷினின் முன்னால் போய் உட்கார்ந்து அழுதாள். எனக்கு மாமாமீது கோபம் கோபமாக வந்தது.

அவரோ துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டார். முதலில் அப்பா.

“மாப்ள, தையல் ரூம் எதுக்குன்னு ஒருநாள் கேட்டீங்கள்ல?”

“செலவ நெனச்சுக் கேட்டேன் மச்சான். எனக்குப் பூவுக்கும் பூரானுக்குமே வித்தியாசம் தெரியாது.”

அடுத்து, பக்கத்து வீட்டுக் கடிகாரம் ரிப்பேர்க்காரர். எங்கள் கொல்லையைப் பார்த்த ஜன்னலருகேதான் அவர் வேலை செய்வார். அறை எழும்பினால் வெளிச்சம் போய்விடும். மாமாவுக்கு அது போதும். மதிலுக்கு மேலே தலையை நீட்டிச் சத்தம் போட்டார்.

“வெளிச்சத்துக்காக இப்படியாய்யா பண்ணுவ? காலத் தூக்கு, செருப்பப் பாக்கணும்!”

கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸோடு வெளியே வந்தார். செருப்பைக் கழற்றி மதில்மேலேயே வைத்தார். பளிச்சென்று இருந்தது.

“உங்க தங்கச்சி முன்னாடியே வந்து கேட்டாங்க சார். நானும் ஜன்னல அந்தப் பக்கம் மாத்திக்கறேன்னு சொல்லிட்டேன். ஒண்ணு மட்டும் சொல்றேன். என் ஜன்னல்லேர்ந்து இந்தக் குழாயடி நல்லாத் தெரியும். வாராவாரம் அங்க நின்னு பூட்ஸத் தேய்க்கறது ஒரே ஒரு ஆளுதான்.”

மாமா, பூவைத் திருப்புவது போலவே தன் பூட்ஸ் ஒன்றைக் கழற்றித் திருப்பினார். அடிப்பள்ளங்களில் ஈரச் சேறு. சேற்றுக்குள் கருப்பாக, மெலிதாக, விதைகள்.

“ஆபீஸ் பிரஷ்ல தேய்க்க மாட்டியா அண்ணா?” அம்மா பின்னால் வந்து நின்றிருந்தாள்.

“அதுல எவன் பூட்ஸ் மண்ணு ஒட்டியிருக்கோ... நம்ப முடியாதுன்னு சொந்த பிரஷ் வச்சிருந்தேன். இங்க வந்து நிதானமாத் தேய்ப்பேன்.”

“எல்லாரையும் சந்தேகப்பட்டியே, ஒன்ன ஒரு தடவ பட்டிருக்கக் கூடாதா?”

மாமா கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை, தான் காலைத் தூக்கச் சொன்ன அத்தனை பேருக்கும் முன்னால், அதிகாரியிடம் தானே சொன்னார். அவர்கள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டதாம். செடிகள் பள்ளத்துக்குத் திரும்பிப் போயின. அம்மாவின் அறை எழும்பியது.

இப்போதும் மாமா சனிக்கிழமை வருகிறார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றி, மதிலுக்கு மேலாகக் கடிகாரக்காரரிடம் நீட்டுகிறார். அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு அடியைப் பார்த்து, “சுத்தம் சார்” என்கிறார். மாமா அதை வாங்கி, தானும் ஒருமுறை திருப்பிப் பார்ப்பதில்லை.