பட்டுக்கோட்டைக்கு ஒரு ‘வாடி’ தேடி

போன ஆடியில் பட்டுக்கோட்டை போய் வந்தேன். கோயிலும் ஆறும் பார்க்க அல்ல. அம்மா என்னை "வாடி" என்று கூப்பிடுவாளா என்று பார்க்க. அவளுக்கு மறதி நோய் தொடங்கி மூன்று வருஷம். "உன் பேரைச் சொன்னா அம்மா யோசிக்குதுக்கா, சீக்கிரம் வா" என்று தம்பி போன் செய்திருந்தான்.

பெங்களூரிலிருந்து ரயில். காலை ஐந்தேமுக்காலுக்குத் தஞ்சாவூர். புதிய பேருந்து நிலையத்தில் ஏழு மணிக்குப் பட்டுக்கோட்டை பேருந்து. ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் வெயில் அடிக்கும். ஒரத்தநாடு வரை வயல், அதற்கப்புறம் தென்னைதான். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது.

பட்டுக்கோட்டையில் இறங்கினால் வீட்டுக்கு நாலு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றிருபது ரூபாய்.

"பெங்களூர்ல என்ன வேலைங்க?" என்றார் டிரைவர்.

"புரோட்டீன் ஆராய்ச்சிங்க."

"என் மச்சானும் அந்தப் பவுடர்தாங்க குடிக்கிறான். உடம்பு ஏறவே மாட்டேங்குது. நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்."

பவுடர் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. புரதம் நம் உடம்புக்குள் நூலாக உருவாகி, சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். தப்பாக மடிந்தவை ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அம்மாவின் மூளையில் திரள்வதும் அப்படித்தான். பல வருஷம் முன்பு இதை அவளுக்குப் புடவைக் கொசுவத்தை வைத்து விளக்கினேன். "தப்பா மடிஞ்சா அவுத்துட்டு மறுபடி கட்ட வேண்டியதுதானேடி?" என்றாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்குத்தான் ஆய்வுக்கூடத்தில் பதில் தேடுகிறேன். சோதனைக் குழாயில் சில நாள் அவிழ்கிறது. அம்மாவுக்குக் கொண்டுபோக என்னிடம் ஒன்றும் இல்லை.

வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

எனக்கு நாற்பத்திரண்டு வயசு. அம்மா வாயிலிருந்து நான் வாங்கிய முதல் ‘ங்க’ அது. அவ்வளவு மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை.

இரண்டு நாள் இருந்தேன். மீன் குழம்பு வைத்தேன், தலை வாரிவிட்டேன். "கை பதமா இருக்கு. உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டாள். "இதே ஊருதாம்மா" என்றேன். அவளிடம் ஒரே ஒரு திட்டு வாங்க ஏங்கிப்போனேன்.

கிளம்பும்போது குறுக்குப் புத்தி வந்தது. சின்ன வயசில் "போறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் "வாயக் கழுவுடி" என்று கத்துவாள். செருப்பை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே சொன்னேன்: "அம்மா, நான் போறேன்."

சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் அதே பழைய கோபம்.

"போறேன்னு சொல்லாதீங்க! போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

கோபம் அப்படியே இருக்கிறது. அதில் நான்தான் இல்லை.

"போயிட்டு வரேம்மா" என்றேன். ஆட்டோ திரும்பும்வரை அழுகையை அடக்கிக்கொண்டேன்.

போகிறவர்களுக்கு: மாலை ரயிலைப் பிடிக்க மூன்று மணிக்கே புறப்படுங்கள், ஞாயிறு பேருந்தில் கூட்டம் அதிகம். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், "நான் யாரு, சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள். "வாங்க" என்றால் உள்ளே போய் உட்காருங்கள்.

நான் அடுத்த மாதத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வரேன் என்று சொல்லியிருக்கிறேனே.