ருஷியாக்காரச் சித்தப்பா

என் சித்தப்பா மதுரையைத் தாண்டி அதிகம் போனதில்லை. ஆனால் ருஷியாவில் எந்த ஊரில் எப்போது பனி விழத் தொடங்கும் என்று சொல்வார். ரயிலடியில் பார்சல் குமாஸ்தா. உலகத்திலேயே நீளமான ரயில் பாதை அங்கே இருப்பதாக எப்போதோ படித்ததில் பிடித்த பைத்தியம், சாகும்வரை விடவில்லை. அவனியாபுரத்தில் எங்கள் வீட்டு உள் அறைச் சுவரில் அந்தப் பாதையைக் கரித்துண்டால் வரைந்து ஊர்ப் பெயர்களை எழுதியிருந்தார். பம்பாயிலிருந்து தபாலில் புத்தகங்கள் வரும். ஜார் மன்னர்களின் சண்டைகளையும், உறைந்த ஆற்றின் மேல் போகும் வண்டிகளையும் எனக்குச் சொல்வார். வைகையிலும்தான் வண்டி போகிறதே என்றால், "இங்க தண்ணி இல்லாததால போகுது. அங்க தண்ணி மேலயே போகுது" என்பார். முப்பத்தைந்து வயதாகியும் அவருக்குப் பெண் அமையாததுதான் வீட்டின் கவலை. மேலூரில் ஒரு சம்பந்தம் ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தது.

அரசியல் அவருக்குக் கிடையாது. ருஷியாவைப் படிப்பவனுக்கும் கம்யூனிஸ்டுக்கும் உள்ள வித்தியாசம் போலீசுக்குத் தெரியாது. வெள்ளைக்காரன் காலம். பக்கத்துத் தெருவில் ஒரு மில் தொழிலாளியை, ருஷியாவைப் பற்றிய துண்டுத்தாள் வைத்திருந்தான் என்று பிடித்துப்போனார்கள். அன்றே அப்பா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். அம்மா புத்தகங்களை நெல் குதிருக்குள் இறக்கினாள். யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கக்கூடாது என்றார்கள். எனக்கு ஒன்பது வயது. புதிதாக வந்த வளையல்காரரைக்கூட சி.ஐ.டி. என்றே நினைத்தேன்.

அடுத்த வாரம் குடையோடு ஒருவர் வந்தார். அப்பா வீட்டில் இல்லை. வந்தவர் பெயர் சொல்லவில்லை, தண்ணீர் கேட்டார். அம்மா செம்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ஏத்தா, ஒங்க சித்தப்பா நெறையப் படிப்பாராமே?"

"அவருக்கு எழுத்துக் கூட்டவே வராது."

"ரயிலடியில குமாஸ்தான்னாக?"

"மூட்டை தூக்குறாரு."

"சாயங்காலம் எங்கிட்டுப் போவாரு?"

"கள்ளுக்கடைக்கு."

குடிகாரர்களைப் போலீஸ் ஏறிட்டும் பார்ப்பதில்லை என்பதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

"எம்புட்டுக் குடிப்பாரு?"

"விழுகுற வரைக்கும்."

அவர் மீதித் தண்ணீரைக் குடிக்காமல் செம்பை வைத்தார். "வாரேன் தாயி" என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். அம்மா வெளியே வந்து என் தலையைத் தடவினாள்.

பத்து நாள் கழித்து அப்பா மேலூர்ச் சந்தையிலிருந்து முகம் கறுத்துத் திரும்பினார். குடையோடு வந்தவர் மேலூர்ப் பெண்ணின் தாய்மாமன். தான் யார் என்று காட்டிக்கொள்ளாமல் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சின்னப்பிள்ளை பொய் சொல்லாது என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பெண் எட்டாவது வரை படித்தவள். படிக்கிற மாப்பிள்ளை என்பதால்தான் சரி என்றாளாம்.

அதற்குப் பிறகு எந்தச் சம்பந்தமும் கூடவில்லை. சித்தப்பா கடைசிவரை புத்தகங்களோடு தனியாகவே இருந்தார். என்னிடம் அவர் கோபித்ததில்லை.

குடைக்காரர் வந்த அன்று அவர் வீட்டில்தான் இருந்தார். வேலைநாளில் லீவு போட்டு, சவரம் செய்து, சலவைச் சட்டையோடு உள் அறையில் உட்கார்ந்திருந்தார். மாமன் வரப்போவதைக் கல்யாணத் தரகர் முதல் நாளே அவர் காதில் மட்டும் போட்டிருந்தது, பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன ஒவ்வொரு பதிலும் அவருக்குக் கேட்டிருக்கும். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் அசையவில்லை. போலீசுக்குப் பயந்து மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, நான் இன்னும் உரக்கப் பதில் சொன்னேன்.